தலைவருக்காகக் கையெழுத்துப் போட்டவர்

தட்டச்சு நிலையத்துக்கு ஒரு மத்தியானம் ஈரத் தலையோடு ஒருவர் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் கசங்கிய காகிதம். நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். அதற்கு முந்தின மாதம்தான், வெள்ளத்தில் சாய்ந்த பேருந்துக்குள்ளிருந்து ஏழு பேரை இழுத்துக் கரை சேர்த்தார் என்று பத்திரிகையில் அவர் படம் வந்திருந்தது. இப்போது நகராட்சி அந்தக் குளத்தையே மூடி, வண்டி நிறுத்தும் இடமாக்கப் போகிறதாம். மனு கொடுக்க வேண்டும்.

"இதை அப்படியே அடிச்சுக் குடுங்க தம்பி."

மேசையில் இருந்த இளைஞர் வாங்கிப் படித்தார். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கமும் நகராட்சித் தலைவரைத் திட்டியே தீர்ந்துபோயிருந்தது.

"அண்ணே, இதை இப்படியே குடுத்தா குளத்தோட சேர்த்து உங்களையும் மூடிடுவாங்க."

ஈரத் தலைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளைஞர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அரை மணி நேரத்தில் மூன்று பக்கம் ஒரு பக்கம் ஆனது. ஏழு உயிர் பிழைத்த கதையை முதல் வரியில் வைத்தார், கோரிக்கையைக் கடைசி வரியில். திட்டு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்கு உறைக்கும். குளம் தப்பித்தது.

மறு வருடம் நகராட்சித் தேர்தல். நீச்சல்காரர் நின்றார், ஜெயித்தார். ஜெயித்த கையோடு தட்டச்சு நிலையத்துக்கு வந்தார்.

"எனக்குப் பேச வரும், எழுத வராது. நீ என்கூட வந்துடு பேனா."

அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். வீட்டுக்காரியைத் தவிர ஊரில் எல்லோருக்கும் அவர் பேனாதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் கிளம்பிப் போனவர், இருபத்தாறு வருடம் அந்த மனிதரின் பின்னாலேயே நடந்தார்.

ஊரே தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்த அந்த நீச்சல்காரரின் வளர்ச்சி ஏணியில் ஏறுவதுபோல இல்லை, லிஃப்டில் போவதுபோல இருந்தது. நகராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நடுவில் பதினெட்டு மாதம் துணை அமைச்சர். மற்ற பதவிகள் வந்தன, போயின. நீச்சல் சங்கத் தலைவர் பதவியை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் தன் தாய்வீடு என்பார். அது வெறும் பேச்சும் அல்ல. எந்தப் பிள்ளை எந்தப் போட்டியில் எத்தனை நொடியில் வந்தது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, தானும் பேனாவும் பேருந்தில் நின்றுகொண்டு போனதுண்டு. பேனா அந்த மனிதரைத்தான் தன் மனதில் வைத்திருந்தார். பிற்பாடு வந்த மனிதர் அவருக்குள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால், எந்தத் தேதியில் மாறினார் என்று கேட்டால் பேனாவுக்குச் சொல்லத் தெரியாது.

கையெழுத்து விஷயம் ஆரம்பித்தது ஒரு விபத்தில். தலைவர் குளத்தோரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நாலு நாளில் பள்ளிகளுக்கான போட்டி. அறுநூறு சான்றிதழ் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"இடது கையால போட்டா பிள்ளைங்க அழும். நீ போடேன்," என்றார்.

பேனா ஒரு சாயங்காலம் முழுக்கப் பழகினார். முதல் எழுத்தின் பெரிய வளைவு, நடுவில் ஒரு தாவல், கடைசியில் நீரில் குதிப்பதுபோல ஒரு கோடு. அறுநூறும் போட்டு முடித்தபோது, தலைவரின் மனைவியே பார்த்துவிட்டு, "கட்டு போட்ட கையால இவ்ளோ அழகா எப்படிப் போட்டீங்க?" என்று கணவரைக் கேட்டாராம். மணிக்கட்டு கூடிய பிறகும் அந்த வேலை பேனாவிடமே தங்கிவிட்டது. சான்றிதழ், சிபாரிசுக் கடிதம், வாழ்த்து மடல், எல்லாம். காசோலையை மட்டும் தலைவர் தன் கையால் போடுவார். ஒருமுறை அவர் போட்ட காசோலையைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

பிறகு ஐம்பது மீட்டர் குளம் வந்தது. நாட்டின் பெரிய போட்டிகள் எல்லாம் இனி இங்கேதான் என்று தலைவர் மேடையில் முழங்கினார். கட்டும் வேலை அவருடைய மருமகனுக்குப் போனது. மகளைக் கட்டிய மாப்பிள்ளை அதுவரை கடைகளும் இரண்டு பள்ளிக்கூடச் சுவரும் கட்டியவர். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மாப்பிள்ளையின் ஆள் ஒரு படிவம் கொண்டுவந்தான். 'இக்குளம் என் முன்னிலையில் அளக்கப்பட்டது. நீளம் ஐம்பது மீட்டர்.' கீழே இரண்டு கையெழுத்து வேண்டும். அளவையாளர் போட்டிருந்தார். தலைவருக்கான இடம் காலி.

பேனா தலைவரைத் தொலைபேசியில் பிடித்தார். காரில் போய்க்கொண்டிருந்தார், காற்றுச் சத்தம் கேட்டது.

"தலைவரே, முன்னிலையில்னு இருக்கு. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"அளந்துட்டாங்கப்பா."

"இல்ல, நீங்க..."

"பேனா, விழா அழைப்பிதழ் அடிச்சாச்சு. போட்டுடு."

போட்டார். நீலப் பேனாவால், பெரிய வளைவு, ஒரு தாவல், ஒரு கோடு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலை விழா வேலை தலைக்கு மேல் வந்துவிட்டது, அது அப்படியே அமுங்கிப்போனது.

குளம் திறந்த நாலாவது வருடம், கோச்சம்மா அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். விசிலும் கழுத்துமாகவே அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, விசில் இல்லாமல் அவர் வந்ததே ஏதோ போல இருந்தது. கூடவே சுறா என்று எல்லோரும் கூப்பிடும் பெண். ஆயிரத்தைந்நூறு மீட்டரில் நாட்டிலேயே வேகமானவள். இரண்டு மாதத்துக்கு முன் வெளிநாட்டுப் போட்டிக்குப் போய், தன் நேரத்தைவிட மூன்று நொடிக்கு மேல் பின்தங்கி வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். பிள்ளைக்கு மெத்தனம் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. தலைவர்கூட ஒரு கூட்டத்தில் அப்படித்தான் பேசினார்.

கோச்சம்மா கடிதத்தை நீட்டினார். பேனா படித்தார். குளத்தின் நீளம் ஐம்பது மீட்டர் அல்ல. பதினெட்டு சென்டிமீட்டர் குறைகிறது.

"டேப் சரியா இருக்காம்மா?"

"மூணு டேப்ல அளந்தேன் அண்ணே. ஒண்ணு பொய் சொல்லலாம், மூணும் பேசி வச்சுக்கிட்டா பொய் சொல்லும்? சுவரைக் கோணலாக் கட்டிட்டு, அதை மறைக்க உள்பக்கமா பூசிப் பூசி ஓடு ஒட்டியிருக்காங்க. ஓரத்துல தட்டிப் பாருங்க, சத்தமே வேற."

கதவோரம் நின்றிருந்த சுறா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "முப்பது தடவை போகணும் அண்ணே அந்த ரேஸ்ல. கூட்டிப் பாத்தா அஞ்சரை மீட்டர் கிட்ட. இங்க நான் அதை நீந்தவே இல்ல. அங்க போய்த்தான் நீந்தினேன்."

பேனாவுக்குக் காரில் அடித்த காற்றுச் சத்தம் மறுபடி காதில் கேட்டது. இருந்தாலும் கை பழகிய வேலையைச் செய்தது. கடிதத்தில் முத்திரை குத்தினார், தேதி போட்டார், தபால் பதிவேட்டில் எண் எழுதினார், கோச்சம்மாவுக்குப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்.

தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஒரு சாண்கூட இல்ல. இதுக்கு ஒரு லெட்டரா? கிழிச்சுப் போடு."

"பதிவு பண்ணிட்டேன் தலைவரே."

சிரிப்பு நின்றது. "யாரைக் கேட்டுப் பண்ணின?"

"எந்தத் தபாலுக்கு உங்களைக் கேட்டிருக்கேன்?"

 அன்றிலிருந்து தலைவர் பேனாவை அறைக்குள் கூப்பிடும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார். புதிதாக ஒரு இளைஞரும் வேலைக்கு வந்தார். எப்போதும் மடிக்கணினியும் கையுமாகத் திரிந்ததால் அவருக்கு லேப்டாப் என்று பெயர் விழுந்தது. பேனாவுக்கு உதவியாக என்றார்கள். உதவி கேட்டவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

பதில் வராததால் கோச்சம்மா பத்திரிகைக்குப் போனார். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வேறு ஊரிலிருந்து அளவையாளர்கள் வந்து அளந்தார்கள், பதினெட்டு சென்டிமீட்டர் குறைவுதான். அந்தக் குளத்தில் நிகழ்ந்த சாதனைகள் அத்தனையும் ரத்து. கட்டாத வேலைக்கெல்லாம் மாப்பிள்ளைக்குப் பணம் போயிருக்கிறது என்று எதிர்க்கட்சி சட்டமன்றத்தில் கத்தியது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை என்று அரசு அறிவித்தது. அந்தப் படிவத்தின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தன் கையால் போட்ட அந்த வளைவைப் பேனா தேநீர்க் கடையில், முடிதிருத்தும் நிலையத்தில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் என்று போகிற இடமெல்லாம் பார்த்தார்.

தலைவர் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். வக்கீலும் உட்கார்ந்திருந்தார். பேனாவுக்கு முதல் முறையாக நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தார்கள். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"விஷயம் ரொம்ப சின்னது," என்றார் வக்கீல். "அந்தக் கையெழுத்து தலைவரோடது இல்ல. அது உண்மைதானே? நீங்களா போட்டுட்டீங்க. வேலை அவசரத்துல தலைவரைக் கேக்கல. அவ்ளோதான். ஒரு மன்னிப்பு, சின்ன அபராதம். உங்க பொண்ணு படிப்பை முடிக்கிறா இல்ல? வேலைக்குத் தலைவர் பொறுப்பு."

பேனா தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டேனே தலைவரே. போட்டுடுன்னு சொன்னீங்களே."

"எனக்கு ஞாபகம் இல்ல பேனா. ஒரு நாளைக்கு நூறு போன் வருது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ குடியிருக்கிற வீடு யார் சிபாரிசுல வந்துச்சுன்னு மட்டும் யோசிச்சுப் பாரு. வேற ஒண்ணும் நான் சொல்லல."

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் பேனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். பால் வாங்கப் போனவர் நாலு தெரு தள்ளி மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு, எதற்கு வந்தோம் என்று யோசித்தார். முகம் மழிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பக்கத் தாடியோடு அலுவலகம் போனார். தொலைபேசி அடித்தால் பயம். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று அதைவிடப் பயம். சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே அவர் நடந்த நடையைச் சேர்த்திருந்தால் பக்கத்து ஊருக்கே போயிருக்கலாம்.

வீட்டுக்காரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் கையில் ஊசி குத்துகிறவர். கணவரை நாலு நாள் பார்த்தார், ஐந்தாம் நாள் காலையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றார்.

"கொஞ்சம் உக்காருங்க. பாக்கிற எனக்கே கால் வலிக்குது."

உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"அவர் ஏழு பேரைக் காப்பாத்தினவர்," என்றார் பேனா, ஏதோ வாதத்துக்கு நடுவில் சொல்வதுபோல.

"யார் இல்லைன்னா? அதுக்காக எட்டாவது ஆளா உங்களை முக்கிடணுமா?"

"வீடு போயிடும்."

"போனா வாடகைக்குப் போவோம். நாம என்ன அரண்மனையிலயா பொறந்தோம்?"

"எங்கிட்ட ஆதாரம்னு ஒண்ணும் இல்ல. போன்ல சொன்னது. அவர் இல்லைன்னா இல்லதான். கேக்காமப் போட்டேன்னு சொன்னாலும் நான் குத்தவாளி, கேட்டுப் போட்டேன்னு சொன்னாலும் நான் குத்தவாளி."

"சரி. ரெண்டுலயும் குத்தவாளின்னா, அப்புறம் பொய்யையும் எதுக்குச் சேத்துச் சுமக்கறீங்க?" என்றவர், கணவரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "எங்க கூடத்துக்கு வர்றவங்க எல்லாம் ஊசி போடறதுக்கு முன்னாடிதான் நடுங்குவாங்க. குத்தினப்புறம் பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நடையைக் கட்டுவாங்க. உங்களுக்கு இன்னும் குத்தவே இல்ல. அதான் இந்த ஆட்டம்."

விசாரணை ஒரு பழைய அஞ்சலகத்தின் மாடியில் நடந்தது. நீதிபதிக்குக் காது கொஞ்சம் மந்தம். எதைச் சொன்னாலும், "சத்தமா" என்பார். அதனால் அறைக்குள் நடந்தது எல்லாம் மாடிப்படி வரை நின்றிருந்த பத்திரிகைக்காரர்களுக்கும் கேட்டது.

நீதிபதி படிவத்தைக் காட்டினார். "தலைவர் இது தன் கையெழுத்து இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கார். உங்களோடதா?"

"ஆமாங்க."

"சத்தமா."

"ஆமாங்க, நான்தான் போட்டேன்!"

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

இந்த இடத்தில் சொல்ல வேண்டியதை வக்கீல் மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். யாரையும் கேட்கவில்லை. இரண்டே சொல். பேனா தொண்டையைச் செருமினார். கதவருகே கோச்சம்மாவும் சுறாவும் உட்கார்ந்திருந்தார்கள். சுறா அவரைப் பார்க்கக்கூட இல்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"தலைவரைக் கேட்டேங்க. போன்ல. போட்டுடுன்னார்."

தலைவரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆதாரம்?"

"இல்லீங்க."

"ஆதாரம் இல்ல. இதுக்கு முன்னாடி எப்பவாவது தலைவர் பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"எத்தனை?"

பேனா நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்கு அப்படித்தான் பழக்கம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். "பத்தொன்பது வருஷமா போடறேங்க. வருஷத்துக்கு ஆயிரத்துக்குக் குறையாது. சங்கம் குடுத்த நீச்சல் சான்றிதழ் அத்தனையும் நான் போட்டதுதான்."

"கேட்டுக்கிட்டீங்களா ஐயா!" வக்கீலுக்குக் கையில் பழம் விழுந்ததுபோல இருந்தது. "பத்தொன்பது வருஷமா தலைவர் பேர்ல திருட்டுக் கையெழுத்து! இவர் சொல்றதை எப்படி நம்பறது?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் சார், யோசிச்சுத்தான் பேசறீங்களா? இது திருட்டுக் கையெழுத்துன்னா, அந்தச் சான்றிதழ் எதுவும் செல்லாதே."

சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த அம்மாள் சட்டென்று தலையை நிமிர்த்தினார். அவருடைய மகன் நீச்சல் சான்றிதழைக் காட்டித்தான் கல்லூரியில் சேர்ந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் பேனாவை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்தது. லேப்டாப் அடித்திருந்தார். மூன்று எழுத்துப் பிழை. மறுநாள் காலையில் தலைவர் வீட்டு வாசலில் கூட்டம். எதிர்க்கட்சி சேர்த்ததும் இல்லை, கோச்சம்மா சேர்த்ததும் இல்லை. அப்பாக்களும் அம்மாக்களும். ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் உறையில் ஒரு சான்றிதழ். நீச்சல் சான்றிதழால் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள், காவல்துறையில், ரயில்வேயில் வேலை கிடைத்தவர்கள் என்று எல்லோரையும் பெற்றவர்கள். எங்கள் பிள்ளை பெற்றது செல்லுமா செல்லாதா என்று ஒரே கேள்வி. அத்தனை பேரும் தலைவரின் தொகுதிக்காரர்கள். தேர்தலுக்கு ஒரு வருடம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் தலைவர் அறிக்கை விட்டார். பேனா அதைத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டே படித்தார். 'பெற்றோர் பீதி அடைய வேண்டாம். கடந்த பத்தொன்பது ஆண்டுகளில் என் பெயரில் என் உதவியாளர் இட்ட கையெழுத்துகள் அனைத்தும் என் முழு ஒப்புதலோடு இடப்பட்டவையே.'

பேனாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அனைத்தும்! இந்த ஒரு சொல்லை எப்படி விட்டார்கள்? 'சான்றிதழ்களில் இட்ட கையெழுத்துகள்' என்றல்லவா இருக்க வேண்டும்? ஒரு சொல் சேர்த்து ஒரு சொல்லை அடித்திருந்தால் தலைவர் தப்பித்திருப்பார். தன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய மனிதர் என்பதெல்லாம் அந்த நிமிடம் அவருக்கு நினைவில் இல்லை. கடைக்கு வெளியே ஓடிவந்து தலைவரின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது, துண்டித்தார்கள். மறுபடி அழுத்தினார். மறுபடி துண்டித்தார்கள். மூன்றாவது தடவை லேப்டாப் எடுத்தார்.

"தலைவர் உங்ககிட்டப் பேச விரும்பல சார்."

"பேச வேண்டாம்ப்பா. அந்த அறிக்கையில ஒரு சொல்லு..."

அதற்குள் வைத்துவிட்டார்.

பேனா சாலையோரத்தில் நின்றார்.  தான் பதறுவது எதற்காக என்று யோசித்தபோதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. தேநீர் ஆறிப்போய்விட்டது, காசைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

நீதிபதிக்குக் காதுதான் மந்தம், கண் மந்தமில்லை. அறிக்கையைக் கோப்பில் சேர்த்தார். அனைத்தும் என்றால் அந்தப் படிவமும் அதில் அடங்கும்தானே என்று கேட்டார். வக்கீல் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அதோடு தபால் பதிவேடு வேறு வந்து சேர்ந்தது. கோச்சம்மாவின் கடிதம் என்றைக்கு வந்தது, என்றைக்குத் தலைவர் பார்வைக்குப் போனது, எல்லாம் பேனாவின் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. கடிதமே பார்க்கவில்லை என்று தலைவர் விசாரணையில் சொல்லியிருந்தது அதோடு நொறுங்கியது.

ஏழு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வெளிவந்தது. மாப்பிள்ளை கைதானார். தலைவர் நீச்சல் சங்கத்தில் பத்து வருடத்துக்குப் பொறுப்பு வகிக்கக் கூடாது. அவர் மீதும் வழக்குப் பதிவு செய்ய வேண்டும். உதவியாளர், தன் கண்ணால் காணாததைக் கண்டதாக உறுதிசெய்யும் படிவத்தில் இன்னொருவர் பெயரில் கையெழுத்திட்டது குற்றமே. ஆகவே அவரும் வழக்கில் சேர்க்கப்பட வேண்டும். பேனா அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

வீடு போயிற்று. ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. வண்டி போகும்போதெல்லாம் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மகள் தானாகவே ஒரு வேலை தேடிக்கொண்டாள். பேனா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். முதலாளி, "உங்களை வேலைக்கு வச்சா ஊர் என்ன சொல்லும்னு யோசிச்சேன். அப்புறம், பிழை இல்லாம வேலை நடக்கட்டும்னு விட்டுட்டேன்," என்றார்.

அந்த அச்சகத்துக்கு ஒரு நாள் சுறா வந்தாள். நீச்சல் வகுப்பு ஆரம்பிக்கிறாளாம், துண்டறிக்கை அடிக்க வேண்டும். குளத்தின் இரண்டு சுவரையும் உடைத்துக் கட்டும் வேலை ஒன்றரை வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவளுடைய வயதும் வேகமும் காத்திருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் பேனாவைப் பார்த்ததும் ஒரு நிமிடம் தயங்கினாள். திரும்பிப் போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். போகவில்லை. காகிதத்தை நீட்டினாள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நான் உங்கிட்ட..."

"வேண்டாம் அண்ணே. நீங்க உண்மையைச் சொன்னீங்க, சரி. குளம் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப்பைப் பிடிச்சிருந்தா சொல்லவே வேண்டி இருந்திருக்காது. உங்க மேல எனக்குக் கோவம் போகல. போகும்னும் தோணல." பிறகு காகிதத்தைக் காட்டி, "போன் நம்பர்ல மட்டும் தப்பு வராமப் பாத்துக்குங்க," என்றாள்.

அவர் அந்த எண்ணை ஆறு தடவை சரிபார்த்தார்.

இதற்கு நடுவில் வந்த தேர்தலில் தலைவர் நின்றார். வெள்ளத்தில் காப்பாற்றிய ஏழு பேரில் உயிரோடிருந்த நாலு பேரை மேடையில் ஏற்றினார். ஜெயித்தும் விட்டார். போன தடவை இருந்த வாக்கு வித்தியாசத்தில் பாதிதான், ஆனாலும் ஜெயித்தார். வழக்கு ஒரு பக்கம், சட்டமன்றம் ஒரு பக்கம் என்று போய் வந்துகொண்டிருந்தார்.

வழக்கு தள்ளித் தள்ளிப் போனது. நாலாவது வாய்தாவுக்குப் பேனா வீட்டுக்காரியோடு போயிருந்தார். நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார முடியாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே தலைவர் வந்தார். சுற்றிலும் ஆட்கள். அவர் நின்றதும் ஆட்களும் நின்றார்கள். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது.

"எப்படி இருக்க பேனா?"

"இருக்கேன் தலைவரே."

"எழுத ஆளே சரியா அமையல."

"தெரியும் தலைவரே. படிச்சேன்."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வக்கீல் முழங்கையைத் தொட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி வரச் சொன்னார்கள். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது வீட்டுக்காரி கேட்டார்:

"என்ன சொன்னார் உங்க தலைவர்?"

"நல்லா இருக்கியான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பேருந்து வந்துவிட்டது. ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. வீட்டுக்காரியை உட்காரவைத்துவிட்டு, பேனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டாம் தேதி அச்சகத்துக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். அதை எழுதிக் கொடுப்பதா, நேரில் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே வந்தார்.